சர்க்கரை நோய் வருமோ என்று பயமா? முதலில் ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிப் பாருங்கள்

"மேடம், இனிமே நான் எதைச் சாப்பிடக் கூடாது?"

சர்க்கரை நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் கையில் ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும் 125-க்கும் நடுவில் நிற்கும். அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் இடையில் இருக்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி இது நோய் அல்ல, நோய்க்கு முந்தைய நிலை. ஒரே ஒரு உணவின் பெயரை நான் சொல்லிவிட்டால், இன்று மாலையே அதை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் நான் பெயர் எதையும் சொல்வதில்லை. ஒரு நோட்டு வாங்கி, ஒரு வாரம் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். அந்த நோட்டை எப்படி எழுதுவது, எப்படி மதிப்பெண் போடுவது, பிறகு எதிலிருந்து மாற்றத் தொடங்குவது என்பதை இங்கே சொல்கிறேன். இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இன்னும் வராதவர்களுக்கானது. முதல் வகை வேறு. உடலின் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்குவதால் வருவது அது, சாப்பாட்டால் வருவதில்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோரைப் பார்த்து "இனிப்பா கொடுத்து வளர்த்தீங்களா?" என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு கொதித்துவிடும்.

ஒன்றை விட்டால் ஏன் போதாது?

ஒரு பொருளை நிறுத்தினால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை. பசி வேறொன்றைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிடுகிறது. டீயில் சர்க்கரையை அடியோடு நிறுத்திய ஒருவர் வந்திருந்தார். பல வருடப் பழக்கத்தை விடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால், சர்க்கரை இல்லாத அந்த டீயோடு காலையும் மாலையும் பிஸ்கட் பாக்கெட் பாதி காலியாகியிருந்தது. வேறொரு அம்மா, பழத்தில் சர்க்கரை இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்பிளை நிறுத்திவிட்டார். பதினோரு மணிப் பசிக்கு ஆப்பிள் போய் உப்பு பிஸ்கட் வந்துவிட்டது. இரண்டு பேருமே உண்மையாகத் தியாகம் செய்தவர்கள். ஆனால் மொத்தச் சாப்பாட்டின் தரம் ஒருவருக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த அம்மாவுக்கோ கீழே இறங்கிவிட்டது.

அதனால்தான் ஆய்வாளர்களும் பல வருடங்களாகத் தனித்தனி உணவை விட்டு, மொத்த உணவின் தரத்தை அளக்கத் தொடங்கினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் உருவான அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 110 மதிப்பெண். காய்கறி, பழம், முழுத் தானியம், பயறும் கொட்டைகளும், நல்ல கொழுப்புகள் ஆகியவை கூடினால் மதிப்பெண் கூடும். இனிப்புப் பானம், சிவப்பு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி, டிரான்ஸ் கொழுப்பு, உப்பு ஆகியவை கூடினால் குறையும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்கள், மருத்துவத் துறையினரின் சாப்பாட்டை நான்கு வருட இடைவெளிகளில் இந்த அளவுகோலால் அளந்து, பிறகு யாருக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று பார்த்தார்கள். மதிப்பெண் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தவர்களுக்கு, மாறாமல் இருந்தவர்களைவிட ஆபத்து 16 சதவீதம் குறைவு. பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தவர்களுக்கு 34 சதவீதம் அதிகம். தொடக்கத்தில் யார் எந்த மதிப்பெண்ணில் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கடைசி வாக்கியம்தான். மோசமான இடத்திலிருந்து நடுத்தரமான இடத்துக்கு வந்தாலும் பலன் உண்டு. எண்பது மதிப்பெண் வாங்கினால்தான் தப்பிக்கலாம் என்பதில்லை. ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

"இது வெறும் கண்காணிப்பு ஆய்வுதானே, நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர் நடக்கவும் செய்வார், புகைக்கவும் மாட்டார்" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பரிசோதனைகளும் நடந்திருக்கின்றன. பின்லாந்தில் நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 522 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவிலும் உடற்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டினார்கள். 2001-இல் வந்த முடிவு: அந்தப் பிரிவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு வந்த அமெரிக்கப் பரிசோதனையிலும் அதே 58. அங்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். பின்லாந்துக்காரர்கள் வைத்த இலக்குகள் ஐந்து: எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைப்பது, மொத்தக் கொழுப்பைக் குறைப்பது, நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பது, 1,000 கலோரிக்கு 15 கிராம் நார்ச்சத்து, நாளுக்கு அரை மணி நேர உடற்பயிற்சி. இவற்றில் நான்கையோ ஐந்தையோ எட்டியவர்களில் ஒருவருக்கும் அந்த ஆய்வுக் காலத்தில் நோய் வரவில்லை. ஒன்றை மட்டும் எட்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பல சின்ன மாற்றங்கள் சேர்ந்து நின்றபோதுதான் பெரிய பலன் வந்தது.

நோட்டு எழுதுவது எப்படி

ஏழு நாள். சனி, ஞாயிறு கட்டாயம் அதில் இருக்க வேண்டும். வார நாட்களில் ஒழுங்காக இருக்கும் பலருக்கும் நோட்டின் உண்மை முகம் விடுமுறை நாளில்தான் தெரிகிறது. அந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள். நல்ல பெயர் வாங்குவதற்காகச் சாப்பிட்ட வாரம் எனக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.

நேரம், என்ன, எவ்வளவு என்று மூன்று பத்தி போதும். அளவுக்குத் தராசு வேண்டாம். ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு "ஒரு கிண்ணம், அரைக் கிண்ணம்" என்று எழுதுங்கள். கலோரி கணக்குப் போடாதீர்கள். கலோரி எண்ணத் தொடங்கியவர்கள் மூன்றாம் நாளே நோட்டை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் மூன்று விஷயங்கள் எப்போதும் விட்டுப்போகும்: குடித்தவை, நின்றுகொண்டு வாயில் போட்டவை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிட்டது. கடைசியாகச் சொன்னதைத் தாய்மார்கள் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாக்கெட்டில் வந்த எதற்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். வார முடிவில் புள்ளிகளை மட்டும் எண்ணிப் பார்த்தாலே பலர் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

மதிப்பெண் போடுவது

110 மதிப்பெண் அளவுகோலை வீட்டில் போட முடியாது. அதன் சாரத்தை எடுத்து என் மேசைக்காக நான் வைத்திருப்பது ஏழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 14. உங்களுக்கு நோய் வருமா வராதா என்று இது சொல்லாது. எந்த வரி பூஜ்யத்தில் கிடக்கிறது என்று காட்டும். எனக்கு அது போதும்.

முதல் வரி, குடிப்பவை. இனிப்புப் பானமோ பழச்சாறோ வாரம் முழுவதும் ஒரு முறைக்கு மேல் இல்லை என்றால் 2. தினமும் என்றால் 0. நடுவில் இருந்தால் 1. டீ, காபியில் போடும் சர்க்கரை நாளுக்கு ஆறு தேக்கரண்டியைத் தாண்டினாலும் 0 போட்டுக்கொள்ளுங்கள். இந்த வரியை முதலில் வைத்ததற்குக் காரணம், மாற்றுவதற்கு இதுவே எளிது, பலனும் தெளிவு. 330 மில்லி கோலா டப்பா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது, 5 சதவீதத்துக்குக் கீழ் போனால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். ஒரே டப்பாவில் அது தாண்டிவிடுகிறது. திரவமாக உள்ளே போன சர்க்கரைக்குப் பசியும் அடங்குவதில்லை. அடுத்த வேளையில் யாரும் அதற்காகக் குறைத்துச் சாப்பிடுவதில்லை. பழச்சாற்றை இதே வரியில் வைத்ததைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வீட்டில் பிழிந்ததாகவே இருந்தாலும் அதில் நார் இல்லை, சர்க்கரை உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் அதை அந்தக் கணக்கிலேயே சேர்க்கிறது.

இரண்டாம் வரி, தானியம். இங்கே கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் தட்டில் அதிக இடத்தைப் பிடிப்பது இதுதான். 184 நாடுகளின் உணவுத் தரவை வைத்து 2023-இல் வந்த ஒரு மதிப்பீடு, 2018-இல் உலகில் புதிதாக வந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பத்தில் ஏழு பங்கு மோசமான உணவோடு தொடர்புடையது என்றது. அதில் முன்னால் நின்ற காரணங்கள் மூன்று: முழுத் தானியம் போதாமை, தீட்டிய அரிசியும் கோதுமையும் அதிகமாதல், பதப்படுத்திய இறைச்சி அதிகமாதல். மூன்றில் இரண்டு தானியத்தைப் பற்றியவை.

நீங்கள் சாப்பிடும் தானியத்தில் பாதிக்கு மேல் முழுத் தானியம் என்றால் 2. நாளுக்கு ஒரு வேளையாவது என்றால் 1. எல்லாமே வெள்ளை அரிசி, மைதா, வெள்ளை பிரெட் என்றால் 0. தவிடும் முளையும் நீங்காத தானியம்தான் முழுத் தானியம். தவிடு செரிமானத்தின் வேகத்தைக் குறைக்கிறது; மக்னீசியமும் நார்ச்சத்தும் அதில்தான் இருக்கின்றன. நாருக்குப் பெருங்குடல் பாக்டீரியாக்களிலும் வேலை உண்டு: அவை அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகின்றன. தீட்டும்போது இதெல்லாம் போய்விடுகிறது, மாவுச்சத்து மட்டும் நிற்கிறது.

கடையில் வாங்குவதில் நிறத்தை நம்பாதீர்கள். பழுப்பு பிரெட்டுக்கு நிறம் சேர்த்திருக்கலாம். பாக்கெட்டின் பின்னால் பொருட்பட்டியலில் முதலில் "முழு" என்ற சொல்லோடு ஒரு தானியம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு கணக்கும் உதவும்: 10 கிராம் மாவுச்சத்துக்குக் குறைந்தது 1 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும். 60 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் நார் என்று போட்டிருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

மூன்றாம் வரி, பயறும் கொட்டைகளும். தினமும் ஒரு கிண்ணம் பயறு வகையோ ஒரு கைப்பிடி உப்பில்லாத கொட்டைகளோ இருந்தால் 2, வாரத்தில் மூன்று நான்கு நாள் என்றால் 1.

நான்காவது காய்கறி. இரண்டு வேளைச் சாப்பாட்டில் தட்டில் பாதி காய் என்றால் 2, ஒரு வேளை என்றால் 1. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. ஹார்வர்டு அளவுகோலும் அதைச் சேர்ப்பதில்லை. ஐந்தாவது பழம், முழுதாக, கடித்துச் சாப்பிட்டது. தினமும் இருந்தால் 2, பாதி நாட்கள் என்றால் 1. காயையும் பழத்தையும் பற்றி எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. எட்டு ஐரோப்பிய நாடுகளில், "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டதோடு நிற்காமல், ரத்தத்தில் வைட்டமின் சி-யையும், காய், பழங்களின் நிறமிகளான கரோட்டினாய்டுகளையும் அளந்தே மதிப்பிட்டார்கள். நாளுக்கு 66 கிராம் கூடுதலாகக் காயோ பழமோ சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து 25 சதவீதம் குறைவாக இருந்தது. 66 கிராம் என்பது நடுத்தரமான ஒரு காரட். அவ்வளவுதான்.

பழத்துக்குப் பயப்படுகிறவர்களிடம் நான் இன்னொன்றையும் சொல்வேன். 2013-இல் வெளிவந்த ஆய்வில் முழுதாகச் சாப்பிட்ட ஆப்பிள், திராட்சை, புளூபெர்ரி ஆகியவை குறைந்த ஆபத்தோடும், பழச்சாறு கூடுதல் ஆபத்தோடும் தொடர்புபட்டிருந்தன. ஏறக்குறைய அதே சர்க்கரைதான். அது வந்த வடிவம் வேறு.

ஆறாவது இறைச்சி. பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், சலாமி, பேக்கன், ஹாம் வகைகள், இல்லவே இல்லை, சிவப்பு இறைச்சியும் எப்போதாவது மட்டும் என்றால் 2. பதப்படுத்தியது வாரத்தில் பல நாள் இருந்தால் 0. இருபது நாடுகளில் ஏறக்குறைய இருபது லட்சம் பேரின் தரவைச் சேர்த்து 2024-இல் வந்த ஆய்வில், நாளுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி 15 சதவீதக் கூடுதல் ஆபத்தோடு தொடர்புபட்டிருந்தது. இறைச்சியே சாப்பிடாதவர்கள் இங்கே முழு மதிப்பெண் வாங்கிவிட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். 2,00,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று தாவர உணவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முழுத் தானியம், பயறு, காய், பழம், கொட்டை நிறைந்த தாவர உணவு ஆபத்தை 34 சதவீதம் குறைவாகக் காட்டியது. இனிப்பு, சாறு, தீட்டிய தானியம் நிறைந்த தாவர உணவு 16 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. சைவமாக இருப்பது மட்டும் காப்பாற்றாது.

ஏழாவது கொழுப்பும் பாக்கெட்டும். பெரும்பாலும் திரவத் தாவர எண்ணெய், பொரித்ததோ பாக்கெட் நொறுக்குத் தீனியோ வாரத்தில் ஒரு முறைக்குள் என்றால் 2. மூன்று முறைவரை என்றால் 1. பொருட்பட்டியலில் "ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெய்" என்று இருந்தால் வாங்காதீர்கள், அது டிரான்ஸ் கொழுப்பு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். மது அருந்துகிறவர்கள் குறையுங்கள். அருந்தாதவர்கள் எந்த உடல்நலக் காரணத்துக்காகவும் தொடங்க வேண்டாம்.

எந்த வரியிலிருந்து தொடங்குவது

கூட்டிப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு என்பதைவிட, பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒன்றாக்குவது, ஒன்றை இரண்டாக்குவதைவிட எளிது. ஒரு சமயத்தில் ஒரு வரி. மூன்று பூஜ்யம் இருந்தால் குடிப்பவை முதலில், தானியம் அடுத்து, மற்றவை பிறகு.

மாற்றும்போது எப்போதும் ஜோடியாக எழுதுங்கள்: இது போகிறது, அதன் இடத்தில் இது வருகிறது. வலது பக்கம் எழுதாமல் இடது பக்கத்தை மட்டும் அழித்தால் அந்த மாற்றம் நிற்காது. மாலை பிஸ்கட் போகிறது, ஒரு கைப்பிடி கொட்டையும் ஒரு பழமும் வருகின்றன. சாறு போகிறது, அதே பழம் முழுதாக வருகிறது. வெள்ளை அரிசியில் கால் பங்கு போகிறது, அங்கே பயறு வருகிறது. இந்தக் கடைசி மாற்றத்தை நான் அதிகம் சொல்வேன், ஏனென்றால் ஒரே அசைவில் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் சேர்ந்து உயர்கின்றன, வயிறும் நிறைகிறது. முழுத் தானியத்தின் சுவை பிடிக்காதவர்கள் முதலில் கால் பங்கு கலந்து சமையுங்கள், சில வாரம் கழித்துப் பாதியாக்குங்கள். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்; மெதுவாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

தட்டு அமைப்பு எளிது: பாதி காய், கால் பங்கு தானியம், கால் பங்கு பயறு, மீன், முட்டை, கோழி போன்ற புரதம். முதலில் காயையும் புரதத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தானியத்தைக் கடைசியில் எடுத்தால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத பழக்கம், செய்து பாருங்கள்.

வீட்டில் சமைப்பவர் வேறு, சாப்பிடுபவர் வேறு என்றால் நோட்டை இருவரும் சேர்ந்து பாருங்கள். கணவர் மட்டும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய், வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ "எனக்குத் தனியாச் சமைங்க" என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. தனிச் சமையல் நீடிக்காது, சமைப்பவருக்கும் பாரம். இந்த ஏழு வரிகள் நோயாளிக்கான பத்தியம் இல்லை, வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டிய சாப்பாடுதான். ஒரு பாத்திரம், ஒரு சமையல், எல்லாத் தட்டிலும் அதே பாதிக் காய்.

அடிக்கடி கேட்கும் இரண்டு வார்த்தைகள்

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகர். எப்படியும் எனக்கு வரும்." மரபு உண்மை, அதை மறுக்க மாட்டேன். 2022-இல் வந்த ஓர் ஆய்வு மரபணு ஆபத்தையும் உணவுத் தரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. உணவுத் தரம் குறைவாக இருந்தவர்களுக்கு, தரம் உயர்ந்தவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் ஆபத்து இருந்தது. மரபணு ஆபத்து குறைவாக இருந்தவர்களிடமும் அப்படித்தான், அதிகமாக இருந்தவர்களிடமும் அப்படித்தான். மரபு இருக்கிறது என்பதால் சாப்பாடு செல்லாக்காசு ஆகிவிடுவதில்லை. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய பரிசோதனையை முப்பது வருடம் பின்தொடர்ந்தார்கள்; உணவையோ உடற்பயிற்சியையோ இரண்டையுமோ மாற்றிய பிரிவினருக்கு நோய் வருவது சராசரியாக ஏறக்குறைய நான்கு வருடம் தள்ளிப்போனது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எல்லாம் உயர்ந்த சர்க்கரையில் ஊறாமல் இருக்கும் நான்கு வருடம் அது. ஒருவேளை நோய் வந்தே தீரும் என்றாலும் அந்த வருடங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"ரெண்டு மாசமா ஒழுங்காச் சாப்பிடறேன், எடை குறையவே இல்ல. விட்டுடலாமா?" விடாதீர்கள். எடை குறைந்தால் மிகவும் நல்லது. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு குறைய அது உதவுகிறது. ஆனால் முதலில் சொன்ன 2016-ஆம் ஆண்டு ஆய்வில், உணவுத் தரத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான தொடர்பில் எடை மாற்றத்தால் விளக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குதான். மற்ற பங்கு வேறு வழிகளில் வருகிறது. தராசு முள் அசையாத மாதத்திலும் உங்கள் தட்டு உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை ஒவ்வொருவர் முகத்தைப் பார்த்தும் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பலரும் கைவிடும் இடம் இதுதான்.

தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

சர்க்கரைக்கு ஏற்கெனவே இன்சுலினோ, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் தானியத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பயறு, கொட்டை, சில பழங்கள், காய்கள் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் பிரச்சினையாகலாம். அவர்களுக்கு என் ஏழு வரி அப்படியே பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் தனி ஆலோசனை தேவை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டவர்கள் இந்த நோட்டைத் தவறாமல் எழுத வேண்டியவர்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழந்தை பிறந்த பிறகு வீட்டில் எல்லார் கவனமும் குழந்தை மேல் போய்விடும். அம்மாவின் பரிசோதனை மறந்துபோகும். பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு, அதை யாராவது ஒருவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மறுபடி பார்ப்பது

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். அதனால் மாற்றம் தொடங்கி மூன்று மாதத்துக்கு முன் அதைப் பார்ப்பதில் பயனில்லை. அவசரப்பட்டு மூன்றாம் வாரமே பார்த்துவிட்டு மனம் உடைகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வார நோட்டை மறுபடி எழுதி, மதிப்பெண் போட்டு, அதோடு பரிசோதனைக்குப் போங்கள். நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்கக் கூடாது; முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் குறைவு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.